காலி: மதிலுக்கு உள்ளும் புறமும்

பெப்ரவரி 11, 2025, செவ்வாய்: கொழும்பு – காலி

கொழும்பிலிருந்து காலிக்கு ரயிலில் போகிறவர்கள் வலப்பக்க யன்னலைப் பிடிக்க வேண்டும். கொள்ளுப்பிட்டி தொடக்கம் கடல் அந்தப் பக்கந்தான். யன்னல் வேண்டுமென்றால் கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறக் கூடாது. ஒரு நிலையம் முன்னால், மருதானையில் ஏற வேண்டும். தெற்கே போகும் ரயில்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. கோட்டைக்கு வரும்போதே இருக்கைகள் நிரம்பிவிடும். இதைத் தெரிந்தும் கோட்டையில் ஏறியதன் பலன், களுத்துறை தாண்டும் வரை வாசலோரம் நின்றதுதான். வாசலில் உப்புக்காற்று நன்றாக வரும். ஆனால் இறங்கி ஏறுகிறவர்களுக்கு ஒவ்வொரு நிலையத்திலும் வழி விட வேண்டும். பையைக் காலுக்கிடையில் வைத்தால் யாராவது ஒருவர் கேட்காமலே தூக்கி மேல் தட்டில் வைத்துவிடுவார். அன்றும் ஒரு முதியவர் அப்படியே வைத்தார்.

116 கிலோமீட்டர். மூன்று மணிநேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஹிக்கடுவைக்கு முன்னால் பெரலிய வருகிறது. 2004 சுனாமியில் பயணிகள் நிறைந்த ரயிலைக் கடல் புரட்டிய இடம். அந்த இடத்தில் பெட்டிக்குள் இருந்த பேச்சு கொஞ்சம் தணிந்தது.

காலி நிலையத்திலிருந்து காலிக் கோட்டைக்கு, அதாவது மதில் சூழ்ந்த பழைய பட்டினத்துக்கு, நடந்தே பத்து நிமிடம். ஓட்டோக்காரர் 400 ரூபாய் கேட்பார், தேவையில்லை. பஸ் நிலையத்தைக் கடந்தால் கிரிக்கெட் மைதானம், அதற்கு அப்பால் மதில். நேரே தெரியும் பெரிய வாசல் பழையதல்ல. வண்டிப் போக்குவரத்துக்காக ஆங்கிலேயர் 1873இல் சூரிய கொத்தளத்துக்கும் சந்திர கொத்தளத்துக்கும் நடுவே மதிலை வெட்டித் திறந்த வாசல் அது. முதல் தரம் போகிறவர்கள் அதற்குள் நுழையாமல், இடப்பக்கம் துறைமுகப் பக்கமாகத் திரும்பிப் பழைய வாசலால் போவது நல்லது. அதிகம் போனால் ஐந்து நிமிடம் கூடுதல் நடை.

பழைய வாசலின் வெளிமுகத்தில் இருப்பது பிரித்தானிய அரச சின்னம். உள்ளே நுழைந்ததும் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும். பலர் பார்க்காமலே போய்விடுகிறார்கள். உள்முகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம்: இரு பக்கமும் சிங்கம், உச்சியில் சேவல், ரோம எண்களில் 1669. போர்த்துக்கீச மொழியில் சேவலுக்கு 'கலோ' என்று பெயர். ஊர்ப் பெயரைச் சேவலாகக் கேட்டது போர்த்துக்கீசரின் காது. ஆனால் அவர்கள் 1505இல் இந்தத் தீவுக்கு வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1344இல், மொரோக்கோப் பயணி இபன் பதூதா இந்த ஊரைக் 'காலி' என்றுதான் எழுதி வைத்தார். அதனால் சேவல் வந்து ஒட்டிக்கொண்டது, பெயர் முந்தியது.

மாலையில் மின்வெட்டு. ஞாயிறன்று நாடு முழுக்க மின்சாரம் நின்றதன் மிச்சமாக நேற்றும் இன்றும் ஒன்றரை மணிநேரம், பகுதி பகுதியாக நிறுத்துகிறார்கள். கோட்டைக்குள் மின்வெட்டு வந்தால்தான் மதிலின் குணம் உடம்புக்குத் தெரிகிறது. மின்விசிறி நின்ற ஐந்தாவது நிமிடத்தில் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது. கடல் நூறு மீட்டர் தூரத்தில் இரைகிறது, ஆனால் தெருவில் ஓர் இலை அசையவில்லை. எதிரியைத் தடுக்கக் கட்டியது காற்றையும் தடுக்கிறது. வீடுகளிலிருந்து ஆட்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார்கள். இன்னும் சிலர் பிள்ளைகளோடு மதில் மேலேயே ஏறிவிட்டார்கள். மேலே போனால் அப்படி ஒரு காற்று. போயாவுக்கு (முழுநிலவு விடுமுறைக்கு) முதல் நாள் என்பதால் நிலவும் கிட்டத்தட்ட முழுமை. வெளிச்சமே இல்லாத ஓட்டுக் கூரைகளை நிலவில் பார்க்க ஒரு மின்வெட்டு தேவைப்பட்டிருக்கிறது.

இரண்டு நடைமுறை விடயங்கள். அறை எடுக்கும்போது மாடி அறையாக, மதிலோரத் தெருவில் கேளுங்கள். இருவருக்குக் காலைச் சாப்பாட்டுடன் 12,000 ரூபாய்க்குக் கிடைத்தது. போன ஞாயிறு வரை டெஸ்ட் போட்டி நடந்த நாட்களில் இந்த விலைக்குக் கிடைத்திருக்காது. அடுத்தது, கையில் காசு வைத்திருங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை. நாளை போயா என்பதால் வங்கியும் பூட்டு. ஏடிஎம் ஒன்று உண்டு, வரிசையும் உண்டு.

இரவுச் சாப்பாடு கோட்டைக்கு வெளியே, பஸ் நிலையப் பக்கம். அப்பம் காஸ் அடுப்பில் சுடுவது, மின்வெட்டு அதைத் தொடவில்லை. வெறும் அப்பம் 40, முட்டை அப்பம் 120. சம்பல் மட்டும் ஒரு தேக்கரண்டி அளவுதான். தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தொட்டிருக்கும் காலம் இது. இன்னும் கொஞ்சம் கேட்டதும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் தன் பங்குக்கு வைத்திருந்த கிண்ணத்திலிருந்து எடுத்து வைத்தார்.

பெப்ரவரி 12, புதன்: போயா

மதிலைச் சுற்ற வேண்டிய நேரம் காலை ஆறேகால், அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு. ஒன்பது மணிக்கு மேல் மதில் மேல் நிழலே கிடையாது, கருங்கல் கால் வழியாகச் சுடும். நின்று பார்த்து நடந்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மணிநேரம். தண்ணீரை வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். தெற்கு முனை வரை கடையில்லை.

சந்திர கொத்தளத்தில், மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் தொடங்குவது வசதி. கோபுரம் 1883இல் எழுந்தது. டொக்டர் அந்தோனிஸ் என்ற காலி வைத்தியருக்கு ஊர் செய்த மரியாதை. இந்த நிலப்பக்கத்து மதில்தான் கோட்டையிலேயே மிகத் தடித்தது. சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று மூன்று கொத்தளங்களும் இந்தப் பக்கமே. எதிரி கடலால் வருவான் என்பதைவிட நிலத்தால் வருவான் என்ற பயம்தான் ஒல்லாந்தருக்குக் கூட இருந்தது. அவர்களே அப்படி வந்தவர்கள்தானே. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு கூட்டுச் சேர்ந்து, 1640 மார்ச்சில் போர்த்துக்கீசரிடமிருந்து காலியைப் பிடித்தார்கள். தலைமை தாங்கிய கோஸ்டரின் சொந்த ஊர்ப் பெயர் ஆக்கர்ஸ்லூட். கிழக்கில் ஒரு கொத்தளம் இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது.

நட்சத்திர கொத்தளத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் திரும்பியதும் மதில் தாழ்கிறது, கடல் அருகே வருகிறது. இங்கே குனிந்து கல்லைப் பார்க்க வேண்டும். கருங்கல்லுக்கு நடுவே முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், வரும். வெள்ளை வெளுத்து, தேனடை போலத் துளைகளோடு இருக்கும். சிலவற்றில் மூளை மடிப்பைப் போல வளைவுகள் அப்படியே தெரியும். கடலிலிருந்து எடுத்த முருகையையே கல்லாக அடுக்கி, அதே முருகையைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சாந்து குழைத்தார்கள். சுண்ணாம்புச் சாந்து கல்லைவிட மென்மையானது. உள்ளே இறங்கும் உப்பு ஈரம் சாந்து வழியாகவே வெளியே வந்து காயும். தேய்ந்தால் சாந்துதான் தேயும், அதைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம். அங்கங்கே சீமெந்து பூசிய திட்டுகளையும் காணலாம். சீமெந்து கல்லைவிட இறுக்கம், ஈரத்தை விடாது. உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி, கல் பொருக்குப் பொருக்காக உதிரும். சீமெந்து அசையாமல் நிற்க, பக்கத்துக் கல் குழிந்து போன இடம் ஒன்றை விரலால் தொட்டாலே மாவு ஒட்டுகிறது. பழைய கட்டடத்தில் எதையாவது திருத்த நினைக்கும் எல்லோரும் வந்து பார்க்க வேண்டிய திட்டு அது.

மதிலுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. படம் எடுக்கப் பின்னால் நகர்கிறவர்கள் கவனம். கொத்தளத்துக்குக் கீழே பாசி பிடித்த கறுப்புப் பாறைகளில் இறங்கவே வேண்டாம்; காய்ந்த பாறை போலத் தெரியும், காலை வைத்ததும் வழுக்கும். சிறு பிள்ளைகளோடு வருகிறவர்கள் மேற்குப் பக்கம் புல்லோடு நடக்கலாம்.

மேற்கில் ட்ரைட்டன் கொத்தளத்தில் ஒரு காலத்தில் காற்றாலை சுழன்றது. கோட்டைக்குள் ஒல்லாந்தர் நிலத்தடியில் செங்கல் சாக்கடை ஓட விட்டிருந்தார்கள். அதைக் கடல்நீரால் கழுவிவிடும் இறைப்பு நிலையத்தை ஓட்டியது இந்தக் காற்றாலை. இலங்கைக் கரையில் வற்றுப்பெருக்கு சிறியது. இன்றைக்குப் போல முழுநிலவு நாளில்கூட இரண்டடி அளவில்தான் தண்ணீர் ஏறி இறங்கும். அதை மட்டும் நம்பி ஒரு பட்டினத்தின் சாக்கடையைக் கழுவ முடியாது. 17ஆம் நூற்றாண்டில் இதைக் கணக்குப் பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். 1988இல் காலியை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோ பெயர் சொல்லிக் குறித்தவற்றில் இந்தச் சாக்கடையும் ஒன்று. கோட்டையின் பெருமை என்று எல்லோரும் பீரங்கியைத் தேடுகிறார்கள். காலியில் தேட வேண்டியது காலுக்குக் கீழே.

ஏழரைக்குள் தெற்கு முனையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். போயா என்பதால் வெள்ளை உடுப்பு, கையில் தாமரையும் ஊதுபத்தியும். மதிலோரத்துச் சுதர்மாலய விகாரைக்குள் 'சில்' (போயா நாள் விரதம்) எடுக்கிறவர்கள் நாள் முழுக்க இருப்பார்கள். உள்ளே போகலாம், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், புத்தருக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. போயாவன்று மது விற்பனை முற்றாக இல்லை. இதைத் தெரியாமல் வந்த வெளிநாட்டுக்காரர் இருவருக்கு உணவக ஊழியர் மூன்று தடவை பொறுமையாக விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார்.

தெற்கு முனைக் கொத்தளமான கொடிப்பாறையில் குதிக்கிறவர்களைப் பற்றி ஒரு சொல். காசு கொடுத்தால் இளைஞர் ஒருவர் மதிலிலிருந்து பாறைகளுக்கு இடையிலுள்ள கடலுக்குள் குதித்துக் காட்டுவார். குதிக்கிறவர்கள் அந்த இடத்தைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள். பார்த்துவிட்டுத் தாமும் குதிக்க நினைப்பது உயிரோடு விளையாட்டு. காசு கொடுத்து ஒருவரைக் குதிக்க வைப்பதும் சரியாகப் படவில்லை.

அதற்கப்பால் வெளிச்சவீடு. 1848இல் நிறுவிய இரும்புக் கோபுரம் தீயில் அழிந்தபின் 1939இல் கட்டியது, உயரம் 26.5 மீட்டர். ஏற விடுவதில்லை. அதன் அடியில் நின்று தெற்கே பார்த்தால் அண்டார்டிகா வரை நிலமே கிடையாது.

மத்தியானச் சாப்பாடு வெளியே பிரதான வீதியில், மீன் சோறு 500 ரூபாய். அதில் அம்புல்தியல் இருந்தது, தென்பகுதிக்கே உரிய மீன். செய்முறையைக் கடை அம்மா சமையலறை வாசலில் நின்றே சொன்னார். சூரை அல்லது கெலவல்லா (மஞ்சள்துடுப்புச் சூரை) மீனை இரண்டங்குலச் சதுரமாக வெட்டி, கழுவி, நன்றாக நீர் வடிய விட வேண்டும். கொறக்காவை (குடம்புளி இனந்தான்) வெந்நீரில் ஊற வைத்து மிளகு, உப்போடு மசிய அரைத்து ஒவ்வொரு துண்டிலும் எல்லாப் பக்கமும் பூச வேண்டும். மண்சட்டியின் அடியில் வாழையிலை, அதன்மேல் மீன் ஒரே அடுக்காக, கறிவேப்பிலை, ரம்பை, ஒரு துண்டு கறுவா. தண்ணீர் அரைக் கோப்பைக்கு மேல் கூடாது. சிறு தீ. நீர் முழுக்க வற்றி மீன் கறுத்து இறுகும் வரை விட வேண்டும். இரண்டே பிழைகள் நடக்கும் என்றார். கரண்டி போட்டுக் கிளறினால் உடையும், சட்டியைத் தூக்கிக் குலுக்கத்தான் வேண்டும். நீர் மிச்சமிருக்க இறக்கினால் அடுத்த நாளே கெடும். சரியாக வற்றியது குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே நாலு நாள் நிற்கும். கடலுக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போன சாப்பாடு. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல் ஒவ்வொன்றுக்கும் "விளங்குதா?" என்று சிங்களத்தில் கேட்டுக் கேட்டுத்தான் சொன்னார்.

பெப்ரவரி 13, வியாழன்: தெருக்கள்

வெயில் 31 பாகை, மழைக்கான அறிகுறியே இல்லை. தெருக்களுக்கான நாள்.

கோட்டைக்குள் தெருக்கள் சதுரங்கக் கட்டம் போல, வழி தவற முடியாது. பெயர்ப் பலகைகளை வாசித்துக்கொண்டு போனாலே பாதி வரலாறு வரும். லெயின் பான் வீதி, கயிறு திரித்த தெரு. பெட்லர் வீதி, ஒல்லாந்தர் காலத்தில் சோனக அங்காடிக்காரர் தெரு. அப்புறம் பரவா வீதி. பரவர் என்ற பெயர் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறையிலிருந்து கடல் கடந்து வந்து இங்கே ஒரு தெருவின் மூலையில் நிற்கிறது. சின்னத் தெரு, ஒரு நிமிடத்தில் நடந்து முடியும். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அந்தப் பலகையடியில் ஒரு நிமிடம் கூட நிற்காமல் போகக் கூடாது.

கோட்டைக்குள் தமிழ் கேட்கும் என்பது பலருக்குத் தெரியாது. இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் வீட்டுமொழி தமிழ், சிங்களம் சரளமாகக் கலந்த தமிழ். சிங்களத்தில் விலை கேட்டுவிட்டு நாங்கள் எங்களுக்குள் தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்ட கடைக்காரர், "உள்ளுக்கு வாங்கோ, சரியான வெயில் ஈக்கிது" என்று கதிரையை இழுத்துப் போட்டார். அதன்பிறகு வியாபாரமே நடக்கவில்லை, எந்த ஊர், யாருடைய பிள்ளைகள் என்ற விசாரணைதான். இப்படியான கடைகளில் 'நானா' என்று கூப்பிடலாம். அண்ணன் என்று அர்த்தம்.

வீடுகளைப் பார்க்கத் தெரிய வேண்டும். தெருவோடு ஒட்டிய நீள விறாந்தை, பருத்த தூண்கள், பீலி ஓட்டுக் கூரை. வாசல் திறந்திருந்தால் நேர்கோட்டில் நடுமுற்றம் தெரியும். முன்கதவும் முற்றமும் பின்கதவும் ஒரே வரிசையில் இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. மதில் காற்றைத் தடுத்தாலும், முற்றத்தில் சூடான காற்று மேலே எழும்ப, தெருவின் நிழல் காற்று உள்ளே வரும். முற்றத்துக்குக் கண்ணாடிக் கூரை போட்டுக் கடையாக்கிய வீடுகளில் குளிரூட்டி இல்லாமல் நிற்க முடியாது. அப்படி மாறிவிட்ட வீடுகள் இப்போது நிறைய. கோப்பி ஒன்று 950 ரூபாய், அதன்மேல் சேவைக் கட்டணம் பத்து சதவீதம். அதே தெருவின் கோடியில் பெட்டிக்கடையில் பிளேன்டீ 60. வெளியாருக்கு விற்று வீட்டுக்காரர் போய்விட்ட தெரு இரவில் எவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கிறது என்பதை நேரில் பார்க்கிறபோது மனம் கனக்கிறது. மாலையில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. அறை எடுப்பவர்கள் குடும்பம் வாழும் வீட்டில் எடுத்தால் அந்தத் தெருக்கள் கொஞ்ச நாள் தாங்கும்.

ஒல்லாந்தச் சபைத் தேவாலயம் 1755இல் முடிந்தது. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள். மண்டையோடு, மணற்கடிகாரம், குலச்சின்னம் என்று செதுக்கல்கள் கால்படும் இடத்திலேயே கிடக்கின்றன. யன்னல் வெளிச்சம் சாய்வாக விழும் காலை ஒன்பதுக்குள் போனால் எழுத்துகள் தெளிவாக எழும். மத்தியானத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம்.

கடல்சார் அருங்காட்சியகம் பழைய வாசலை ஒட்டிய பெரிய பண்டகசாலைக்குள். இங்கே தேட வேண்டிய பெயர் அவொண்ட்ஸ்டர், 1659இல் இதே துறைமுகத்துக்குள் நங்கூரம் நழுவி மூழ்கிய கம்பனிக் கப்பல். ஆங்கிலேயரிடமிருந்து பிடித்த கப்பல் அது. கடலடி அகழாய்வில் எடுத்த பொருள்களில் ஒரு பகுதியை 2004 சுனாமி திரும்பவும் கொண்டுபோனது. கடல் ஒருதரம் கொடுத்ததை மறுபடி எடுத்த கதை, ஆய்வாளர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்!

பின்னேரம் பீரலு பின்னல். ரேந்தை (லேஸ்) பின்னும் கலை. ஐரோப்பியரோடு வந்து தெற்குப் பெண்களின் கையில் தங்கிவிட்டது. உருளையான ஒரு தலையணை, பெட்டிக்குள் சுழலும்படி. அதைச் சுற்றி, கட்டம் போட்ட காகிதத்தில் குத்திய கோலம். பீரலு என்பது நூல் சுற்றிய சிறு மரக்கட்டை. எப்போதும் சோடியாகத்தான் இயங்கும். சோடியைக் குறுக்கே மாற்று, முறுக்கு, ஒரு குண்டூசி குத்து, அடுத்த சோடிக்குப் போ. மரக்கட்டைகள் ஒன்றோடொன்று முட்டும் கிளிக் கிளிக் சத்தம்தான் தாளம். பின்னுகிறவர் கையைப் பார்ப்பதில்லை, ஊசித் துளையை மட்டும் பார்க்கிறார். தெருவில் விற்கும் இயந்திர ரேந்தையிலிருந்து கைப்பின்னலை வேறு பிரிக்க ஒரு வழி சொன்னார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கைப்பின்னலில் ஊசித் துளைகள் மயிரிழை அளவு கூடிக் குறைந்திருக்கும், நூல் மாறிய இடத்தில் சின்ன முடிச்சும் இருக்கும். எல்லாம் அச்சாக ஒரே அளவென்றால் இயந்திரம்.

இரவு மறுபடி மின்வெட்டு. இம்முறை முன்கூட்டியே மதில் மேல்.

பெப்ரவரி 14, வெள்ளி: மைதானமும் குடைகளும்

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு தொடக்கம் ஒன்றரை வரை கோட்டைக்குள் பல கடைகள் பூட்டு, ஜும்ஆ. வெளிச்சவீட்டுக்கு எதிரிலுள்ள மீரான் பள்ளிவாசலைத் தூரத்தில் பார்ப்பவர் தேவாலயம் என்றுதான் நினைப்பார். வெள்ளை முகப்பு, இரட்டைக் கோபுரம், 1904இல் கட்டியது. தொழுகை முடிந்து வருகிறவர்களுக்காகக் கடைகளில் வட்டலப்பம் தயாராகிறது. கித்துள் கருப்பட்டி, தேங்காய்ப்பால், முட்டை, ஏலம். அதில் சிறு சிறு துளைகள் இருக்க வேண்டும். ஒரு துண்டு 200.

நாலு மணிக்கு நிலப்பக்க மதில். கீழே மைதானம் முழுக்கத் தெரியும். டெஸ்ட் நாட்களில் ஊர்ச்சனம் இந்த மதிலிலிருந்துதான் பார்க்கும். இந்தப் புல்லில்தான் 2010 ஜூலை 22இல் முரளிதரன் தம் கடைசி டெஸ்ட்டில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். ஓஜா அடிக்க, மகேல பிடித்தார். இந்த மாதம் 6ஆம் திகதி தொடங்கிய போட்டியோடு திமுத் கருணாரத்னவும் தம் நூறாவது டெஸ்ட்டை இங்கேயே ஆடி ஓய்வு பெற்றார். புல்லில் இன்னும் ஆடுகள உருளையின் தடம்.

2004 டிசெம்பர் 26இல் தண்ணீர் இந்த மைதானத்துக்கு மேலால் போனது. பஸ்கள் மிதந்தன, புது நகரம் சிதைந்தது. மதிலுக்குப் பின்னால் இருந்த பழைய பட்டினம் பெரும்பாலும் தப்பியது. பீரங்கிக் குண்டுக்குக் கட்டிய கனம், மூன்று நூற்றாண்டு கழித்து அலைக்கு நின்றது. மைதானம் மறுபடி டெஸ்ட்டுக்குத் திறக்க 2007 டிசெம்பர் ஆனது. மதிலின் இந்தப் பக்கம் நின்றவர், அந்தப் பக்கம் நின்றவர் என்று இந்த ஊரில் இரண்டு விதமான நினைவு இருக்கிறது. பஸ் நிலையப் பக்கத்துக் கடைக்காரரிடம் அதைக் கேட்டுக் கிளறுவது நன்றல்ல. தாமாகச் சொன்னால் கேட்க வேண்டும்.

மேற்கு மதில் முழுக்க இன்று குடைகள். காதலர் தினம். வெயிலுக்கும் பார்வைக்கும் ஒரே மறைப்பு. மதிலின் ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு குடை, கடலைப் பார்த்தபடி. நடந்து போகிறவர்கள் அந்தப் பக்கம் தலையைத் திருப்புவதில்லை. பொலிஸ்காரர் ஒருவர்கூடப் பாதையின் மறுகரையால் விலகி நடந்து போனார். செவ்விளநீர்க்காரர் மட்டும் கொஞ்சத் தூரத்தில் நின்று ஒரு இருமல் இருமிவிட்டு "தம்பிலி, தம்பிலி" என்றார். ஒன்று 200. ஆறு இருபதுக்குச் சூரியன் விழுந்ததும் குடைகள் ஒன்றொன்றாக மடிந்தன.

பெப்ரவரி 15, சனி: காலியின் கல், கொழும்பில்

திரும்பும்போது இடப்பக்க யன்னல். காலியில் ஏறினால் முதலில் மேடைப் பலகையைப் பார்க்கவும். மாத்தறையிலிருந்து வரும் ரயில் காலிக்குள் வந்து எஞ்சினை மறுமுனைக்கு மாற்றி, வந்த திசைக்கே எதிராகப் புறப்படும். 'இது மாத்தறைக்குப் போகிறதாக்கும்' என்று இறங்கி ஓடியவர்கள் இன்றும் இருவர்.

காலியின் மிக முக்கியமான கல் காலியில் இல்லை. கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1911இல் காலியில் ஒரு மதகின் மூடியாகக் கிடந்ததைப் பொறியியலாளர் ஒருவர் கண்டெடுத்தார். நாலே முக்கால் அடி உயரம், இரண்டரை அடி அகலம், ஐந்தங்குலக் கனம். உச்சியில் இரண்டு டிராகன்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல், அதில் பொறித்த ஆண்டு 1409. வலப்பக்கம் சீனம், இடப்பக்கம் மேலே தமிழ், அதன் கீழே பாரசீகம்.

மூன்றும் ஒன்றின் மொழிபெயர்ப்பல்ல. சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கு, தமிழ்ப் பகுதி தீவின் தென்கோடியான தெய்வேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தெனவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, வாசனை எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. அந்தக் கோயிலைப் போர்த்துக்கீசர் 16ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். காலி மதிலின் முதல் கல்லை வைத்ததும் அவர்கள்தான்.

கல்லைப் படிக்க ஓர் உத்தி: நேரே நிற்காமல் இடப்பக்கம் ஓரடி விலகி, தலையைத் தமிழ்ப் பகுதியின் மட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும். விளக்கு பக்கவாட்டில் படும்போது வெட்டுகள் நிழலாகும். முதலில் கிறுக்கலாகத் தெரிவது, கண் பழகப் பழக, மெலிந்து நீண்ட எழுத்துகளாகப் பிரியும். 'நா' பிடிபட்டதும் 'ய'வும் 'ன'வும் தாமாக வந்தன. பக்கத்தில் நின்ற பாடசாலைப் பிள்ளை ஒன்று தன் ஆசிரியையிடம் சிங்களத்தில் "அந்த மாமி எப்படி வாசிக்கிறார்?" என்று கேட்டது. ஆசிரியை பிள்ளையையும் இடப்பக்கம் ஓரடி நகர்த்தி, தலையைத் தாழ்த்திப் பார்க்கச் சொன்னார்.